கஸ்டம் ரைஃபிள் கட்டுறேன், எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு எந்த கார்ட்ரிட்ஜ் (தோட்டா வகை) எடுக்கலாம்?

மலைப்பாதை:
வணக்கம் மக்களே. கொலராடோல 11 வருஷமா இருக்கேன். கிரீன் கார்டு வந்த கையோட ஹன்டர் எஜுகேஷன் முடிச்சேன், மூணு சீசனா நண்பர் ஒருத்தர் கூடவே போய் அவரோட .270 ரைஃபிள்ல தான் சுடுறேன். ரெண்டு மியூல் மான் கிடைச்சுது, எல்க் இன்னும் கிடைக்கல. போன வருஷம் மீக்கர் பக்கம் ஃப்ளாட் டாப்ஸ்ல விடியக்காலைல ஒரு பெரிய ஆண் எல்க் நின்னுச்சு, அது மூச்சு விட்டா புகை மாதிரி வர்றது ஸ்கோப்ல தெரியுது, ரேஞ்ச்ஃபைண்டர் 340 யார்டுனு காட்டுது. எனக்கு 300 வரைக்கும்தான் நம்பிக்கை, அதனால சுடல. அது நடந்து மரத்துக்குள்ள போயிடுச்சு.

இப்ப காசு சேர்த்து சொந்தமா ஒண்ணு கட்டுறேன். கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி செய்றவர்) போனா அவர், "கார்ட்ரிட்ஜ் என்னனு முதல்ல சொல்லு, ஆக்ஷன் (தோட்டாவை ஏத்தி இறக்குற பொறி), போல்ட் ஃபேஸ் (தோட்டாவோட அடியைப் பிடிக்கிற முகம்), மேகஸின், ட்விஸ்ட் (பேரலுக்குள்ள இருக்கிற சுருள் வரியோட சுத்து) எல்லாம் அப்புறம் தானா முடிவாகும்"ங்கிறார். என் மனசுல இருக்கிறது 6.5 பிஆர்சி, .280 ஆக்லி இம்ப்ரூவ்டு, 7 பிஆர்சி, அப்புறம் பழைய .30-06. ஸ்கோப்போட சேர்த்து ஏழரை பவுண்டுக்கு மேல போகக் கூடாது, 10,000 அடி உயரத்துல நாள் முழுக்க தூக்கிட்டு நடக்கணும். ஒரு .300 வின் மேக்ல மூணு ரவுண்டு சுட்டுப் பாத்தேன், ரெண்டு நாள் தோள் கன்னிப் போயிருந்துச்சு. நான் ரீலோடிங் பண்றதில்ல, கடைத் தோட்டாதான். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழையரீலோடர்:
தம்பி, 340-ல சுடாம விட்டீங்க பாருங்க, அதுக்கே முதல்ல ஒரு சபாஷ். சட்டம் பாத்தீங்கன்னா கொலராடோல எல்க்குக்கு .24 காலிபர், 85 கிரெயின் (புல்லட்டோட எடை) விரியுற புல்லட், 100 யார்டுல 1000 அடி-பவுண்டு (அடிக்கிற சக்தி) இருந்தாப் போதும், நீங்க சொன்ன நாலுமே அதைச் சுலபமாத் தாண்டிடும். ஆனா நல்ல ஆண் எல்க் 700 பவுண்டு வரும், எலும்பும் தசையும் கனமா இருக்கும், அதனால வேட்டைக்காரங்க வழக்கமா அடிபடுற இடத்துல 1500 அடி-பவுண்டாவது இருக்கட்டும்னு ஒரு கணக்கு வெச்சுக்குவாங்க. உதாரணத்துக்கு 6.5 க்ரீட்மோர்னு உங்க லிஸ்ட்ல இல்லாத ஒரு கார்ட்ரிட்ஜ், 143 கிரெயின்ல 300 யார்டு தாண்டி கொஞ்ச தூரத்துலயே அந்தக் கணக்குக்குக் கீழ இறங்கிடும். இது சாமி கட்டளை இல்ல, புல்லட் எப்படி விரியுதுங்கிறதும் எங்க படுதுங்கிறதும் அதைவிட முக்கியம், இருந்தாலும் ஒரு அளவுகோலா வெச்சுக்கலாம்.

என் ஓட்டு .280 ஆக்லிக்கு. 1957-ல வந்த .280 ரெமிங்டன் கேஸை (தோட்டாவோட பித்தளைக் கூடு) எடுத்து உடம்பை நேராக்கி ஷோல்டரை (கழுத்துக்குக் கீழ சரியுற பகுதி) 40 டிகிரி ஆக்கினது அது. 160 கிரெயின் சுட்டா 7 எம்எம் ரெம் மேக் பக்கத்துல போகும், ஆனா மருந்து குறைவு, உதையும் குறைவு. இன்னொண்ணு, அதோட போல்ட் ஃபேஸ் .473, அதாவது .270, .30-06 எல்லாத்துக்கும் அதேதான். லாங் ஆக்ஷன் ஒண்ணு வாங்கிட்டீங்கன்னா நாளைக்கு மனசு மாறினா பேரலை மட்டும் மாத்திக்கலாம். 6.5 பிஆர்சி எடுத்தீங்கன்னா .532 மேக்னம் போல்ட் ஃபேஸ் வேணும், அது ஷார்ட் ஆக்ஷன் கார்ட்ரிட்ஜ்னு சொல்லுவாங்க ஆனா முழு நீளம் 2.955 இஞ்ச் வரைக்கும் போகும், சாதாரண 2.8 இஞ்ச் மேகஸின்ல அடங்காது, அதைக் கவனிக்காம ஆர்டர் போட்டு அப்புறம் தவிச்சவங்களைப் பாத்திருக்கேன். ஆக்லிக்குப் போனா ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கங்க, ஸ்மித் வெச்சிருக்கிற ரீமர் (பேரல்ல தோட்டா உக்காரும் சேம்பரை வெட்டுற கருவி) சாமி (SAAMI, அமெரிக்கத் தோட்டா தயாரிப்பாளர் சங்கம்) ஸ்டாண்டர்டுக்கு வெட்டினதா இல்ல பழைய ஆக்லி அளவா? ரெண்டுக்கும் ஹெட்ஸ்பேஸ்ல (சேம்பர்ல தோட்டா உக்காரும் அளவு) வித்தியாசம் இருக்கு. கடைத் தோட்டா சுடப் போறவருக்கு சாமி ரீமர்தான் வேணும்.

எட்மன்டன்வாசி:
தம்பி, நான் கனடாவில இருந்து எழுதுறன். 20 வருசமா ஒரு .30-06 தான், மூஸும் எல்க்கும் அதாலதான் அடிச்சனான். ஒருக்கா வடக்க போகேக்க என்ர பெட்டி வந்து சேர்ந்தது, தோட்டா வைச்ச மற்றப் பெட்டி வரேல்லை. விடிஞ்சா வேட்டை. அங்க இருந்தது ஒரே ஒரு கடை, பெற்றோலும் மீன்பிடிச் சாமானும் விக்கிற கடை, தட்டில நாலைஞ்சு வகைத் தோட்டாதான் கிடந்தது, அதில .30-06 180 கிரெயின் ரெண்டு பெட்டி. ஒரு பெட்டியை வாங்கி மூண்டு ரவுண்ட் அடிச்சு ஸ்கோப்பைச் சரி பண்ணிப்போட்டு அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டன். என்னோட வந்தவர் வைச்சிருந்தது ஆரும் கேள்விப்படாத ஒரு கார்ட்ரிட்ஜ், அவற்ற தோட்டாவும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்தது. மனுசன் அஞ்சு நாளும் எனக்கு இறைச்சி தூக்கத்தான் வந்த மாதிரிப் போச்சு. பாவம், சரியாக் கவலைப்பட்டவர்.

நீங்கள் ரீலோடிங் செய்யிறேல்லை எண்டு சொல்லுறியள், அப்ப கடையில கிடைக்கிறதுதான் முதல் கேள்வி. 1906-ல வந்த சாமான் இண்டைக்கும் எல்லாக் கடையிலயும் இருக்கு. இறைச்சியையும் யோசியுங்கோ. கிட்ட நிண்டு வேகமான மெல்லிசு புல்லட்டால அடிச்சா முன்னந்தொடை முழுக்க இரத்தக் கட்டியாப் போயிடும், வெட்டி எறியத்தான் வேணும். நான் இப்ப முழுச் செப்புப் புல்லட் தான் பாவிக்கிறன், ஈயத் துண்டு இறைச்சிக்குள்ள வராது, பிள்ளையள் சாப்பிடுறது எல்லோ. போன எல்க்கில மற்றப் பக்கத் தோலுக்குக் கீழ அந்தப் புல்லட் கிடந்தது, நாலு இதழ் விரிஞ்ச பூ மாதிரி, நிறை கிட்டத்தட்டக் குறையவே இல்லை. மேசையில வைச்சிருக்கிறன்.

தூரப்பார்வை:
ரெண்டு அண்ணன்மாரும் சொல்றது சரி, ஆனா புதுசா காசு போட்டுக் கட்டும்போது ஏன் பழசையே பிடிச்சுக்கணும்? 7 பிஆர்சி 2022-ல வந்துச்சு, 175 கிரெயின் இஎல்டி-எக்ஸ் புல்லட் செகண்டுக்கு 3000 அடி வேகம், மலைக் காத்துல அந்த நீள புல்லட் நகர்றது ரொம்பக் குறைவு. கேஸ் அடில பெல்ட் (தடிச்ச வளையம்) கிடையாது, லாங் ஆக்ஷன்ல அழகா உக்காரும், சேம்பரும் ட்விஸ்டும் கன புல்லட்டுக்குன்னே டிசைன் பண்ணது. பழைய .270 எல்லாம் பெரும்பாலும் 1:10 ட்விஸ்ட் (10 இஞ்சுக்கு ஒரு சுத்து), இன்னைக்கு வர்ற நீள புல்லட் அதுல ஆடாம நேராப் போகாது. அந்த 340 யார்டு எல்க் இருக்கே, 7 பிஆர்சி இருந்தா அது இப்ப உங்க ஃப்ரீசர்ல இருக்கும்.

பழையரீலோடர்:
தூரப்பார்வை, கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லல, அருமையான கார்ட்ரிட்ஜ்தான். ஆனா அந்தக் கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன். அவர் கையில இருந்த .270, 130 கிரெயின், 3060 அடி வேகம். 340 யார்டுல ஒரு எல்க்கை வீழ்த்த அதுக்குத் தெம்பு இருந்துச்சு. இல்லாதது அந்தத் தூரத்துல சுட்டுப் பழகின பழக்கம். ஏழரை பவுண்டு ரைஃபிள்ல 7 பிஆர்சி நல்லா உதைக்கும், முனைல மஸில் பிரேக் போட்டா உதை குறையும் ஆனா சத்தத்துல காது போயிடும்.

மலைப்பாதை, ஒண்ணு செய்ங்க. ரேஞ்சுக்குப் போகும்போது நண்பரை விட்டு மேகஸின்ல தோட்டா போடச் சொல்லுங்க, நடுவுல எங்கயாவது ஒரு டம்மி ரவுண்டு கலந்து, எதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது வெடிக்காது, "க்ளிக்"னு மட்டும் கேக்கும், அப்ப பேரல் முனை கீழ குத்துச்சுன்னா நீங்க உதைக்குப் பயந்து முன்கூட்டியே தோளைத் தள்ளுறீங்கன்னு அர்த்தம். எந்த ரைஃபிள்ல அந்த முனை அசையாம நிக்குதோ அந்த அளவு உதையை எடுங்க.

மலைப்பாதை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் சொன்ன டம்மி டெஸ்டை சனிக்கிழமை பண்ணிட்டு வந்தேன். .270-ல பத்து ரவுண்டு, டம்மி வந்த ரெண்டு தடவையும் முனை அசையல. ரேஞ்சுல ஒருத்தர் பெரிய மனசு பண்ணி அவரோட 7 பிஆர்சிய தந்தார், அதுல மூணாவது ரவுண்டு டம்மி, முனை நல்லாவே கீழ இறங்குச்சு, நண்பர் போன்ல வீடியோ எடுத்துக் காட்டினார். அதனால 7 பிஆர்சி இப்போதைக்கு வேணாம்னு வெச்சிட்டேன். எட்மன்டன் அண்ணை சொன்னதுக்கு அப்புறம் மீக்கர்ல ஒரு கடைக்கு போன் போட்டேன், .30-06 நிறைய இருக்காம், .280 ஆக்லி ஒரே ஒரு பெட்டிதானாம். ஸ்டாண்டர்டு போல்ட் ஃபேஸ் லாங் ஆக்ஷன் ஆர்டர் பண்ணியாச்சு, முதல் பேரல் .30-06, 165 கிரெயின் செப்புப் புல்லட். ஆக்லி பேரல் அப்புறமா வாங்கிக்கலாம். பேரல் நீளம் 22 இஞ்ச் போதுமா 24 வேணுமா?

எட்மன்டன்வாசி:
22 காணும். 24 எடுத்தா கொஞ்சம் வேகம் கூடும், ஆனா பத்தைக்குள்ள போகேக்க கொப்பில மாட்டும். அந்த 165 கிரெயினில ஒரே லொட் நம்பர் (ஒரே முறையில செய்த சரக்கு) பாத்து இப்பவே நாலைஞ்சு பெட்டி வாங்கி வையுங்கோ, ஒரு பெட்டியை வேட்டைப் பெட்டியில வையாமல் வேற பெட்டிக்குள்ள வையுங்கோ.



தூரப்பார்வை:
நல்ல முடிவு. சப்ரஸர் (சத்தம் குறைக்கிற குழாய்) மாட்டுற எண்ணம் இருந்தா இப்பவே ஸ்மித்கிட்ட சொல்லி முனைல த்ரெட் போட்டு வாங்கிடுங்க, அப்படின்னா 20 இஞ்சே போதும். அடுத்த சம்மர்ல இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, 400 யார்டு ரேஞ்ச் ஒண்ணு இருக்கு, நான் கூட வர்றேன், காத்து பாக்கக் கத்துத் தர்றேன்.