வினாப்பட்டியலோடு வீடு வீடாக: அனுபவப் பகிர்வு

அல்சூர்வாசி, பெங்களூரு:

முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டுவதற்காக, அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தலைவிகளை அவர்களுடைய வீடுகளிலேயே சந்தித்தேன். கையில் இருந்தது மனஅழுத்தத்தை அளக்கும் வினாப்பட்டியல். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய முறையில், ஒவ்வொரு கூற்றுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘சற்றும் உடன்படவில்லை’ என்பது வரை ஐந்து விடைகள் அதில் இருந்தன. படிக்கத் தயங்கியவர்களுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

ஒரு பெரியம்மா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, வாசித்த கூற்று ஒவ்வொன்றுக்கும் “ஆமாம்மா, ரொம்பச் சரி” என்றார். ‘சிறு விஷயத்துக்கும் பதறிப்போகிறேன்’ என்பதற்கும் ஆமாம். பத்துக் கூற்றுகள் தள்ளி வந்த ‘பெரும்பாலும் நிதானமாகவே இருக்கிறேன்’ என்பதற்கும் ஆமாம். அவர் பொய் சொல்லவில்லை. வீடு தேடி வந்து, படிப்புக்காக உதவி கேட்கும் பெண்ணிடம் ‘இல்லை’ என்று சொல்வது அவருக்கு மரியாதையாகப் படவில்லை, அவ்வளவுதான். கேட்பதற்கெல்லாம் இசைந்துபோகும் இந்தச் சாய்வு உளவியல் அளவீட்டில் நெடுங்காலமாக அறியப்பட்டது. எதிர்த்திசைக் கூற்றுகளை, அதாவது ‘நிதானமாகவே இருக்கிறேன்’ போல எதிர்ப்பொருள் தருபவற்றை, இடையிடையே கலந்து வைப்பதும் இதைப் பிடிப்பதற்காகத்தான்.

கலந்து வைத்தாலே போதும் என்றுதான் வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று 5 மதிப்பெண் வாங்குபவர், எதிர்த்திசைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பி (5ஐ 1 ஆக) கணக்கிட்டதும் நடுவில் வந்து நிற்கிறார். அட்டவணையில் அவர் ‘மிதமான மனஅழுத்தம்’ உடையவர் ஆகிவிடுகிறார். கூற்றுகள் அனைத்தும் ஒரே திசையில் எழுதப்பட்டிருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். லீ குரோன்பாக் 1951இல் முன்வைத்த ஆல்ஃபா கெழு, விடைகள் ஒன்றோடொன்று எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்பதை மட்டுமே காட்டுகிறது. சிலர் எதற்கும் தலையாட்டுவதும் சிலர் எதையும் மறுப்பதும் அந்த எண்ணை உயர்த்தவே செய்யும். வழக்கமாகப் போதும் என்று கொள்ளப்படும் 0.70ஐ ஆல்ஃபா தாண்டிவிட்டது என்று மென்பொருளை மூடிவைத்துவிடுபவர்கள், அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்ற கேள்வியை இன்னும் தொடவே இல்லை.

நெறியாளரின் யோசனைப்படி, ஒன்றுக்கொன்று முரணான கூற்று இணைகளை முன்கூட்டியே குறித்துவைத்தோம். எத்தனை இணைகளில் முரண்பட்டால் ஒரு படிவத்தைத் தனியே வைப்பது என்பதையும், முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்தோம். பார்த்த பிறகு விதி வகுத்தால், நாம் விரும்பும் முடிவுக்கு ஒத்துவராத படிவங்கள்தாம் கழியும். ஆய்வேட்டில் இரண்டு கணக்குகளும் உள்ளன: தனியே வைத்த படிவங்களைச் சேர்த்தது ஒன்று, நீக்கியது ஒன்று.

சயான் ஆலோசகர், மும்பை:

பள்ளியொன்றில் எனக்கு வாய்த்த அனுபவம் வேறு வகை. அரையாண்டுத் தேர்வு வாரத்தில் மாணவர்களின் பதற்றத்தை அளந்து, மிக உயர்ந்த மதிப்பெண் வந்தவர்களுக்கு மட்டும் மூச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டு, விடுமுறைக்குப் பிறகு மறுபடி அளந்திருந்தார்கள். சராசரி இறங்கியிருந்தது, பி-மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.05க்குக் கீழே. நிர்வாகத்துக்கு ஒரே மகிழ்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத கட்டுப்பாட்டுக் குழு எங்கே என்று நான் கேட்டபோது, நல்ல காரியத்தில் குறை காண்கிறேன் என்றார்கள்.

தேர்வு வாரம் முடிந்தாலே பதற்றம் இறங்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உச்ச மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால், எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே அடுத்த அளவீட்டில் அவர்கள் சராசரியை நோக்கி நகர்வார்கள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பார்த்தால் அந்த அளவு உயரமாக இருப்பதில்லை என்று பிரான்சிஸ் கால்டன் 1886இல் காட்டியதும் இந்தப் போக்கைத்தான். அதே உயர் மதிப்பெண்காரர்களில் பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்கிக் காத்திருக்கச் செய்து, இரு குழுக்களின் இறக்கத்தையும் ஒப்பிட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு காத்திருப்புக் குழுவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஜீவன்பீமா நகர் மாணவி, பெங்களூரு:

அல்சூர்வாசி அக்கா, இசைந்துபோகும் சிக்கலுக்கு ஒரு வழியை நான் களத்தில் பார்த்தேன். உடன்படுகிறீர்களா என்று கேட்பதைக் கூடியவரை தவிர்த்து, எத்தனை நாள் என்று கேட்கும் கருவிகள் இருக்கின்றன. 2001இல் வெளியான பி.எச்.க்யூ-9 என்ற வினாப்பட்டியல், கடந்த 2 வாரங்களில் ஒவ்வொரு அறிகுறியும் எவ்வளவு அடிக்கடி தொந்தரவு செய்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறது. அது மனச்சோர்வுக்கான கருவி என்பதால் உங்கள் ஆய்வுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கேள்வி கேட்கும் விதத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘ஆமாம்’ என்று சொன்னவரும் நாட்களை எண்ணத் தொடங்கும்போது சற்று யோசிக்கிறார். கணவரோ மாமியாரோ அதே அறையில் இருந்தால் அந்த எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது என்பதால், யார் உடனிருந்தார்கள் என்பதைப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.