பிறைகளைத் தொடர்ந்தால் நம்மை நாமே அறிந்துகொள்ள முடியுமா?

கார்குழலி:
அமாவாசையன்று மனத்தில் உள்ளதை எழுதி வைப்பது, வளர்பிறையில் அதற்காக உழைப்பது, பௌர்ணமியன்று எழுதியதை எடுத்துப் பார்ப்பது, தேய்பிறையில் வேண்டாதவற்றைக் கைவிடுவது. இந்த வழக்கத்தை நீண்ட காலமாகக் கடைப்பிடித்து வருகிறேன். இங்கே பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் ஒதுக்குகிறீர்கள். அதை ஏற்க முடியாததால் எழுதுகிறேன்.

அலுவலகமும் வீடும் மாதம் முழுவதும் ஒரே வேகத்தை நம்மிடம் கேட்கின்றன. அப்படி ஓடுகிறவளுக்குத் தன் விருப்பம் எது, மற்றவர்கள் அவள்மேல் ஏற்றிவைத்தது எது என்று பிரித்துப் பார்க்க இடமே கிடைப்பதில்லை. என் நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டியபோது எனக்கு அது தெரிந்தது. அமாவாசைப் பக்கங்களில் எல்லாம் பதவி உயர்வு என்று எழுதியிருந்தேன். பௌர்ணமிப் பக்கங்களில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பதவி என் அப்பாவின் ஆசை. கற்பித்தல்தான் என்னுடையது. நிலவின் ஒழுங்கு இல்லாமல் நான் இதைக் கண்டிருக்க மாட்டேன்.

வானநோக்கி:
சகோதரி, அந்த எழுத்து உங்களுக்கு உதவியது என்பதை நான் நம்புகிறேன். உதவியது நோட்டுப் புத்தகமா, நிலவா என்பதுதான் என் கேள்வி.

இந்த முறையை நம் முன்னோர் தந்தது என்று பலர் பரப்புகிறார்கள். சங்கப் பாடல்களில் பிறை தொழும் பெண்கள் உண்டு, மூன்றாம் பிறை பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் பிறந்த நேரத்தில் நிலவு எந்த நிலையில் இருந்ததோ அதை வைத்து மனிதர்களை எட்டு வகையாகப் பிரித்து, ‘இதுதான் உண்மையான நீ’ என்று சொல்லும் முறை வேறு இடத்திலிருந்து வந்தது. பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டேன் ருத்யார் என்ற சோதிடர் 20ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தது அது. பழையது என்பதற்காக ஒன்றை ஏற்க வேண்டியதில்லை. இது பழையதும் இல்லை.

அந்த எட்டு வகை விவரிப்புகளைப் படித்துப் பாருங்கள். எல்லாமே நமக்குப் பொருந்தும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரே குறிப்பைக் கொடுத்தார். ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது சராசரி 4.26 வந்தது. தன்னைப் பற்றி யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கும் மனம் எதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

பௌர்ணமிப்பயணி:
ஐயா, கடலையே இழுக்கும் நிலவு, பெரும்பகுதி நீராலான நம் உடலை இழுக்காதா? சோதிடத்தில் சந்திரனை மனோகாரகன் என்று சும்மாவா சொன்னார்கள்? சந்திராஷ்டம நாளில் யாரிடமாவது பேசிப் பாருங்கள், எரிந்து விழுவார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடக்கும் அத்தனை பேரும் அறியாதவர்களா? ‘நான் யார்’ என்று கேட்கச் சொன்ன ரமணர் வாழ்ந்த மலை அது.

கார்குழலி:
நண்பரே, என் பக்கம் பேச வந்ததற்கு நன்றி. ஆனால் உடலில் உள்ள நீரை நிலவு இழுக்கிறது என்ற வாதத்தை என் கணக்கில் சேர்க்காதீர்கள். நிலவு என் உடலுக்குள் எதையும் இழுப்பதாக நான் சொல்லவில்லை.

வானநோக்கி:
அவர் சொல்லாவிட்டாலும் அதைப் பலர் நம்புவதால் பதில் சொல்கிறேன். கடலேற்றம் உண்டாவது, பூமியின் ஒரு பக்கத்தில் நிலவின் ஈர்ப்பு கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருப்பதால். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. ஆறடி உடலுக்கு அது ஒன்றுமே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கடலேற்றம் மிகுதியாவது பௌர்ணமியில் மட்டுமல்ல, அமாவாசையிலும்தான். நீர்தான் காரணம் என்றால் இரண்டு நாள்களும் மனத்தை ஒரே மாதிரி ஆட்ட வேண்டும். இதை நம்புகிறவர்களோ ஒன்றை அடங்கும் நாள் என்றும் மற்றதைப் பொங்கும் நாள் என்றும் சொல்கிறார்கள்.

சந்திராஷ்டமம் பிறைக் கணக்கே இல்லை. நிலவு நம் ராசிக்கு எட்டாவது ராசியில் இருக்கும் இரண்டே கால் நாள் அது, சுமார் 27.3 நாளுக்கு ஒருமுறை வரும். பிறைகளின் சுற்று 29.5 நாள். இரண்டும் மாதாமாதம் விலகிக்கொண்டே போகும். மனத்தை ஆள்வது எந்தச் சுற்று?

ரமணரைப் பற்றியும் ஒரு சொல். 1896இல் அந்த மலைக்கு வந்தவர் 1950இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். கிரிவலம் செல்வதை அவர் ஊக்குவித்தார், உண்மைதான். ஆனால் அவர் சொன்ன ‘நான் யார்’ என்ற விசாரத்துக்குத் திதி கிடையாது. எண்ணம் எழும்போதெல்லாம் அது யாருக்கு எழுந்தது என்று கேட்கச் சொன்னார். தேய்பிறை வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

இரவுப்பணி:
நான் செவிலியர். பௌர்ணமி இரவுகளில் வார்டு அமைதியாக இராது என்று எங்களில் பலர் உறுதியாகச் சொல்வார்கள். பிரசவமும் அன்று கூடும் என்பார்கள்.

வானநோக்கி:
பிரசவத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாவில் 1997 முதல் 2001 வரை பிறந்த ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கில் பிறைக்கும் பிறப்புக்கும் தொடர்பு இல்லை. மனநோய், குற்றம் போன்றவற்றை நிலவோடு இணைத்த 37 ஆய்வுகளை 1985இல் ராட்டன், கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பொருட்படுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை. பரபரப்பான இரவில் நிலவு முழுதாக இருந்தால் நினைவில் நிற்கிறது. அமைதியான பௌர்ணமி யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இரவுப்பணி:
ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தூக்கத்தை மறைத்துவிட்டீர்களே. 2021இல் வந்த ஆய்வில், அர்ஜென்டினாவின் டோபா பழங்குடியினரின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் மக்கள் தாமதமாகத் தூங்கினார்கள், குறைவாகவும் தூங்கினார்கள். மின்விளக்கு இல்லாத ஊரில் மட்டுமல்ல, சியாட்டில் நகரக் கல்லூரி மாணவர்களிடமும் அதே போக்கு. தூக்கம் குறைந்தால் மனம் மாறும் என்று என் நோயாளிகளிடம் தினமும் பார்க்கிறேன்.

வானநோக்கி:
நல்ல சான்று, அதை மறுக்க மாட்டேன். 2013இல் பாசெல் நகர ஆய்வகத்திலும் பௌர்ணமியையொட்டித் தூக்கம் 20 நிமிடம் குறைந்ததாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டே மியூனிக்கில் இன்னும் அதிகம் பேரை வைத்துப் பார்த்தபோது அது தென்படவில்லை. தூக்கத்தில் சிறிய தாக்கம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ‘உண்மையான நான்’ எப்படி வெளிப்படும்? குறைவாகத் தூங்கிய என்னையா நான் உண்மையானவன் என்று கொள்வது?

தீவகத்தான்:
நான் இலங்கைத் தமிழன். இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா எனப்படும் பௌத்த விடுமுறை. 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாக, நிலவின் ஒவ்வொரு கால் சுற்றிலும் வரும் போயா நாள்களே வார விடுமுறையாக இருந்தன. நிலவின் கால் சுற்று ஏழு நாளைத் தாண்டுவதால் வாரம் சில நேரம் எட்டு நாளாகும். உலக வணிகத்தோடு அது ஒத்துவராமல் ஞாயிறுக்கே திரும்பினார்கள். ஆகவே பிறையை வைத்து வாழ்வது கார்குழலி கண்டெடுத்த புதுமை இல்லை. ஒரு நாடே செய்து பார்த்தது.

ஆனால் அந்த நாளில் செய்வது என்ன என்று பாருங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பிக்குகள் கூடி விதிகளை ஓதுகிறார்கள். மீறியவர் அதை இன்னொரு பிக்குவிடம் சொல்லியாக வேண்டும். பொதுமக்கள் வெள்ளை உடுத்திச் ‘சில்’ எடுக்கிறார்கள், அதாவது அன்றைக்கு ஒழுக்க விதிகளைக் கடைப்பிடிப்பதாக உறுதி ஏற்கிறார்கள். பிறை நாள் அங்கே தன் குறையைப் பிறர்முன் வைக்கும் நாள். நீங்கள் சொல்வது அறைக்குள் தனியாக உட்கார்ந்து தன் ஆசைகளைப் பட்டியலிடுவது. இன்னும் சொல்லப்போனால், கண்டெடுக்க நிலையான ‘நான்’ ஒன்று இல்லை என்பதே புத்தரின் போதனை. வழக்கத்தை எடுத்துக்கொண்டு அதன் உள்ளீட்டை விட்டுவிட்டீர்கள் என்பது என் வருத்தம்.

கார்குழலி:
இதுவரை வந்தவற்றில் என்னை யோசிக்க வைத்தது இதுதான், அண்ணா. ஆனால் தனியாக எழுதுவது ஆசைப்பட்டியல் மட்டும் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை எழுதும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? பிறர்முன் குறையைச் சொல்லும் பாதுகாப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குறை சொல்லக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவில் வாழ்கிறவளுக்கு முதலில் தன் குரல் வேண்டும்.

வானநோக்கி ஐயாவுக்கு: எட்டு வகை அட்டவணையை நான் பயன்படுத்துவதில்லை. நிலவு என்னை மாற்றுகிறது என்பதும் என் வாதமில்லை. நான் மாறுகிறேன் என்பதை அது நினைவூட்டுகிறது.

வானநோக்கி:
அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை போதுமே?

கார்குழலி:
ஞாயிறுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. ஒரு ஞாயிறு தொடங்கவும் மறு ஞாயிறு விடவும் சொல்வதில்லை. தேய்பிறை மட்டும்தான் எனக்கு ஓய்வெடுக்க அனுமதி கொடுத்தது.

வானநோக்கி:
இங்கேதான் என் அச்சம். தேய்பிறை என்பதால் சோர்வு என்று சொல்லிக்கொண்டு இரத்தசோகையையும் தைராய்டு குறைவையும் மாதக்கணக்கில் கவனியாமல் விடுவார்கள். மனச்சோர்வு நிலவோடு வளராது, தேயாது. அமாவாசையன்று எழுதியது நடக்கவில்லை என்றால் குற்றம் தன்மேல்தான் என்று நினைக்கும் இளம்பெண்களை எண்ணிப் பாருங்கள். ஓய்வெடுக்க வானத்தின் அனுமதி எதற்கு? களைத்தால் ஓய்வெடுங்கள், தொடர்ந்து களைத்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இரவுப்பணி:
இதில் ஐயா பக்கம்தான் நான். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விலகவில்லை என்றால் பிறையைப் பார்க்காதீர்கள்.

கார்குழலி:
அதில் எனக்கு மறுப்பே இல்லை, அதை என் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி வைக்கிறேன்.

வானநோக்கி:
அப்படியென்றால் ஒரு சோதனை செய்வோமா? நாள்காட்டியைப் பார்க்காமல் தினமும் மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதன்மேல் திதியைப் பொருத்திப் பார்க்கட்டும்.

கார்குழலி:
அது பௌர்ணமிப்பயணியின் கூற்றைச் சோதிக்கும், என்னுடையதை அல்ல. என் கூற்றைச் சோதிக்க வேண்டுமானால் இரண்டு குழு வேண்டும். ஒன்று ஞாயிறுதோறும் எழுதட்டும், மற்றது அமாவாசையிலும் பௌர்ணமியிலும், இடையிலுள்ள இரண்டு அட்டமிகளிலும் எழுதட்டும். ஏறத்தாழ ஒரே இடைவெளி வரும். ஆறு மாதம் கழித்து இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் எந்தக் குழுவில் அதிகம் என்று எண்ணுவோம். ஞாயிறுக் குழுவை நீங்கள் திரட்டுங்கள், பிறைக் குழுவை நான் திரட்டுகிறேன். ஆனால் சேர வருகிறவர் எந்தக் குழு என்பதை நாம் இருவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வானநோக்கி:
தேர்வைத் தீவகத்தான் குலுக்கல் முறையில் செய்யட்டும். நிறுத்தியவர்களிடம் ஏன் நிறுத்தினார்கள் என்றும் கேட்க வேண்டும். அதைச் சேர்த்தால் சம்மதம்.

தீவகத்தான்:
செய்கிறேன். அடுத்த அமாவாசைக்குள் பெயர் கொடுங்கள்.