தேங்காய் எண்ணெய் போட்ட பிஸ்டல்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு எண்ணெய் மில். வசூல் பணத்தோடு ராத்திரியில் வர வேண்டியிருந்த காலத்தில் அப்பா ரிவால்வர் லைசென்ஸ் எடுத்தார். அது என் பேருக்கு மாறியதும் ரிவால்வரைக் கொடுத்துவிட்டு .32 பிஸ்டல் வாங்கினேன். 9 எம்எம் சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காது. வெளிநாட்டுப் பிஸ்டல் என்றால் 80-களில் இறக்குமதி நிற்பதற்கு முன் வந்த பழசுதான், அதற்கு ஒரு தோப்பை விற்க வேண்டும். உள்நாட்டில் செய்ததுதான் கைக்கு எட்டியது.

ரேஞ்சில் முதல் மேகசினிலேயே (தோட்டா அடுக்கும் பெட்டி) மூன்றாவது ரவுண்டு குழலுக்குள் ஏறவில்லை. கழற்றிப் பார்த்தால் தோட்டாக்கள் இறுகிக் கிடக்கின்றன, விரலால் அழுத்தினாலும் அசையவில்லை. "மேகசினை நிரப்பியே கொண்டாந்தீங்களாக்கும்?" என்றார் கோச். .32 தோட்டாவின் அடிவிளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பைக் குலுக்கலில் பின்னால் நழுவினால் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும். குட்டைத் தோட்டாவில் இது அதிகம், நகர இடம் கிடைக்கிறதே. 1899-லேயே வந்த தோட்டா இது. பிஸ்டலைத் திட்டிப் பயனில்லை.

அதை விடுங்கள், மார்கழியில் நடந்ததுதான் வெட்கக்கேடு. காலை ஏழு மணி. விசையை அழுத்தினேன், 'டிக்' என்றது, அவ்வளவுதான். "குழலை டார்கெட்டை விட்டு எடுக்காதீங்க" என்று கோச் 30 விநாடி எண்ணினார், தாமதமாக வெடித்தாலும் வெடிக்குமாம். வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரில், அதாவது ஊசி குத்திப் பற்றவைக்கும் அடிப்பொட்டில், கொசு கடித்த அளவுக்குத்தான் தடம். அடுத்ததும் அப்படியே. டீலரிடம் கொடுத்தேன். ஸ்லைடை (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) பிரித்து, அந்த ஊசி ஓடும் குழியில் குச்சியை விட்டார், வெள்ளையாக மெழுகு மாதிரி வந்தது. மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க, கொப்பரை வாசம் அடிக்குது?" என்றார்.

அப்பா ரிவால்வரை மில் எண்ணெயில்தான் துடைப்பார். நானும் அதையே செய்தேன். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து ஊசியைப் பிடித்துக்கொள்ளும் சரக்கு. வெயில் ஏறிய பிறகு அதே பிஸ்டல் ஒழுங்காகச் சுடும், அதனால்தான் எனக்குப் பிடிபடவே இல்லை.

*

அண்ணா, நமக்குப் பொள்ளாச்சிங்க. என் மேகசின் சிமெண்டுத் தரையில் விழுந்து வாய் நெளிந்தது. கோவை கணபதியில் லேத் போட்டிருக்கும் சொந்தக்காரர், "மோட்டாருக்கு புஷ் போடறவனுக்கு இது ஒரு வேலையா, கொண்டா மாப்ள" என்றார். நல்லவேளை கொடுக்கவில்லை. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். நானே குறட்டால் நிமிர்த்திப் பார்த்தேன், ஒன்றுக்கு இரண்டாகத் தோட்டா மேலே வந்தது. புது மேகசின் போட்டதும் சரியாகிவிட்டது. சுட்ட தோட்டாவின் காலி கேஸ் வெளியே போகாமல் ஸ்லைடில் நட்டுக்கொண்டு நிற்பது மட்டும் தீரவில்லை. மச்சான் சுட்டால் நிற்பதே இல்லை, என் மணிக்கட்டுதான் தளர்ச்சி என்கிறார். சொல்லவா வேண்டும்.

*

எனக்குத் தேர்தல்தான் சங்கடம். 2024-இல் தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியபோது ஸ்லைடெல்லாம் செந்துரு. இப்போது ஒப்படைக்கும் முன்னால் துப்பாக்கி எண்ணெய் தடவித்தான் கொடுக்கிறேன். கடையில் வாங்கியதுதாங்க, கொப்பரை இல்லை.