ஆல்ட் + பி அழுத்தினால் பக்கம் வருகிறது, பட்டியல் வரவில்லை

கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் வைத்து ஏ.எல் பிள்ளைகளுக்கு ஐசிடி சொல்லிக்கொடுக்கிறேன். கோட் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட் போட்டவுடன் பெடியள் முதலில் தேடுவது, அதில் கூடுதல் வசதியாகச் சேர்க்கும் ‘ஓப்பன் இன் பிரவுசர்’ நீட்சியைத்தான். ஆல்ட்டையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் எழுதிக்கொண்டிருக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பு பிரவுசரில் திறந்துவிடும். சேவ் செய்ய மறந்தால் பழைய பக்கம்தான் வரும், மற்றபடி தொல்லையில்லை. நானும் அதையே பழக்கினேன்.

போன மாதம் ஒரு மாணவன் மடிக்கணினியோடு வந்தான். பெரியம்மாவின் கடைக்கு ஒரு பக்கம் செய்திருந்தான். பனங்கட்டி, பினாட்டு, புழுக்கொடியல், ஒடியல் மா எல்லாவற்றின் விலையும் தனியாக ஒரு ஜேசன் (JSON) தரவுக் கோப்பில். இன்னொரு கோப்பை எடுத்துவரும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான ஃபெட்ச் மூலம் அதை எடுத்துப் பட்டியலாகக் காட்ட வேண்டும்.

“சேர், கோட் எல்லாம் சரி. ஆனா பட்டியல் வருதில்லை. ரெண்டு இரவா இருக்கிறன்.”

கண் சிவந்திருந்தது. தலைப்பு வந்திருந்தது, கீழே வெறும் வெள்ளை. எஃப்12 அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பார்த்தோம். சிவப்பு வரியில் ‘கோர்ஸ்’ (CORS) என்று இருந்தது, பக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் ஒரிஜின் ‘நல்’ (null) என்றும் இருந்தது. அவன் கோடில் பிழையே இல்லை. முகவரிப் பட்டையில்தான் விஷயம். முகவரி ‘ஃபைல்’ என்று தொடங்கியது, அதாவது பக்கம் நேரே வட்டிலிருந்து திறந்திருந்தது. அப்படித் திறந்த பக்கம் பக்கத்திலிருக்கும் இன்னொரு கோப்பை ஃபெட்ச் செய்யப் பிரவுசர் விடாது. அது பாதுகாப்புக்காக. நம் வட்டிலுள்ள கோப்புகளை ஏதோவொரு பக்கம் வாசித்துவிடக் கூடாதல்லவா?

மடிக்கணினியையே ஒரு சின்ன இணைய சர்வராக்கிப் பக்கத்தைத் தரும் ‘லைவ் சர்வர்’ நீட்சியைப் போட்டோம். கோப்பை மட்டும் திறக்காமல் கோப்புறையையே விஎஸ் கோடில் திறந்து, கீழே வலது மூலையில் ‘கோ லைவ்’ என்பதைத் தட்டினோம். முகவரி ‘ஹெச்டிடிபி’ ஆக மாறி 127.0.0.1:5500 என்று வந்தது. பட்டியலும் வந்தது. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவனுடைய இரண்டு இரவும் என்னால் போனது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதல் நீட்சியைக் குறை சொல்லவில்லை. வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்றால் இன்றும் அதுவே போதும். ஃபெட்ச், ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் (தனிக் கோப்பிலிருந்து இறக்கும் கோட்), சாய்கோட்டில் (/) தொடங்கும் படப் பாதை, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் லைவ் சர்வருக்கு மாறிவிடுங்கள். சாய்கோட்டுப் பாதையை ‘ஃபைல்’ முகவரியில் திறந்தால் பிரவுசர் உங்கள் கோப்புறையை விட்டு, கோப்பு இருக்கும் டிரைவின் (பெரும்பாலும் சி) தொடக்கத்தில் போய்ப் படத்தைத் தேடும்.

அப்புறம் அவன் பெரியம்மாவின் போனிலும் காட்ட ஆசைப்பட்டான். போனில் 127.0.0.1 என்றால் அது அந்தப் போனையே குறிக்கும். ஆகவே ஒரே வைஃபையில் இருந்துகொண்டு மடிக்கணினியின் ஐபி எண்ணையும் 5500-ஐயும் கொடுக்கச் சொன்னேன். அன்றிரவே செய்துபார்த்திருக்கிறான். “பினாட்டு விலை பிழையடா” என்றாராம் பெரியம்மா. ஜேசனில் திருத்திச் சேவ் செய்ய, அவர் கையிலிருந்த போனில் விலை தானாக மாறியதாம்.