கிளினிக் ஊழியருக்குச் சுகாதாரப் பொருளாதாரப் பயிற்சி: சுங்கை சிப்புட்டுக்குத் தேவையா?

கிராணி மகன்:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து அரசாங்க கிளினிக் எம்.ஏ.க்கள் (மருத்துவ உதவியாளர்கள்), மிஸ்ஸிமார் (தாதியர்), பார்மசிஸ்டுகள், தோட்டத்து டிரஸ்ஸர்கள் (தோட்ட மருத்துவ உதவியாளர்கள்) இவர்களுக்காக நான்கு சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றை வரைந்திருக்கிறேன். முதல் சனி: சிகிச்சைக்கான பணம் எங்கிருந்து வருகிறது (வரி, முதலாளி, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இன்சூரன்ஸ், நோயாளியின் சொந்தப் பை). இரண்டாம் சனி: அவரவர் கிளினிக்கில் ஒரு வருகைக்கு என்ன செலவாகிறது என்று கணக்கிடுவது. மூன்றாம் சனி: ஒரே வேலையைச் செய்ய இரண்டு வழி இருந்தால் எதற்குப் பணம் போடுவது. நாலாம் சனி: கிடைத்த முடிவை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரே பக்கத்தில் எழுதுவது.

ஏன் இப்போது என்றால், நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்கள் கையிலிருந்து நேரடியாகப் போகிறது. கவுண்டரில் கட்டுவது ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். மிச்சம் எங்கே போகிறது என்பதைத் தினமும் நோயாளியைப் பார்க்கிறவர்கள் ஒரே தாளில் பார்த்ததில்லை. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, பணம் ஒதுக்கும் முறையையே மாற்றப் பார்க்கிறது. மாற்றம் வந்த பிறகு கற்றுக்கொள்வது தாமதம்.

பழைய டிரஸ்ஸர்:
தம்பி, எண்ணம் நல்லது, ஆனால் ஆள் மாறிப்போச்சு. கிளினிக்குப் பணம் வாரானாக (செலவழிக்க அனுமதிக்கும் ஒதுக்கீட்டு ஆணையாக) வருகிறது. ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் ஓஎஸ் என்று ஓர் எண்: சம்பளம் ஓஎஸ் 10000, பொருளும் சேவையும் ஓஎஸ் 20000, சொத்து ஓஎஸ் 30000. ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற வீரமென் (தலைப்பு மாற்ற) அனுமதி வேண்டும். ஆண்டு முடிவில் செலவாகாதது திரும்பிப் போய்விடும். இதில் ஒரு மிஸ்ஸிக்கு எந்த முடிவும் கையில் இல்லை. முடிவெடுக்க முடியாதவருக்கு முடிவெடுக்கும் கணிதம் எதற்கு?

இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. "இந்த ஆள் ஒரு தடவை வந்தால் அரசாங்கத்துக்கு இவ்வளவு செலவு" என்று மனசில் பதிந்துவிட்டால், மாதம் மூன்று முறை மூட்டுவலிக்கு வரும் கிழவியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். தாதியருக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கிறது. சர்க்கரைக்காரரின் காலைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாத இடத்தில் நான்கு சனிக்கிழமையை எடுக்காதீர்கள்.

பார்மசி அக்கா:
ஐயா, முடிவு கையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால், மாதம் 26 நாளால் வகுக்க, நாள் கணக்கு 65.38. இரத்த அழுத்த மருந்து எடுக்க மாதம் ஒருமுறை அரை நாள் போனால் 32.69 போச்சு. போக வர 10 வெள்ளி என்று வையுங்கள். ஒரு நடைக்கு 42.69, ஆண்டுக்கு 12 நடை என்றால் 512.28. டாக்டரைப் பார்க்கும் 4 நடை இருக்கட்டும். மற்ற 8 நடைக்குத் தபால் மருந்து, ஒரு முறைக்கு 6 வெள்ளி செலவென்று வைத்தாலும், ஆண்டுக்கு 293.52 மிச்சம். நாலரை நாள் சம்பளம்.

இதற்குப் புத்ராஜெயா அனுமதி வேண்டாம். பக்கத்துக் கிளினிக்கிலேயே மருந்து வாங்கும் எஸ்பியுபி முறையும், தபால் மருந்தும் ஏற்கெனவே இருக்கின்றன. யாருக்கு அதை எழுதித் தருவது என்பதைக் கவுண்டரில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். நோயாளி பக்கத்துச் செலவைக் கணக்கில் வைக்கப் பழகாதவருக்கு அது தோன்றவே தோன்றாது.

பழைய டிரஸ்ஸர்:
அக்கா, கணக்கு சரி. ஆனால் தோட்டத்தில் அது அப்படியே நடக்காது. லயத்து வீடுகளுக்குத் தபால் நேராக வராது. ஆபீசில் போட்டுவிட்டுப் போவார்கள், கையெழுத்துப் போட ஆள் வேண்டும். இன்சுலின் குளிரில் இருக்கவேண்டியது, தபாலுக்கு ஆகாது. செம்பனைப் பழம் வெட்டுகிறவருக்கு நாள் சம்பளக் கணக்கே பொருந்தாது. டன் கணக்கில் கூலி. காய்ப்பு அதிகமான மாதத்தில் அரை நாள் என்பது 32 வெள்ளியைவிடக் கூட. பழம் குறைந்த மாதத்தில் அதைவிடக் குறைவு.

அதோடு, மருந்து எடுக்கப் போனவருக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்காது, வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் சிலிப்தான். வேலைச் சட்டம் 1955 தருகிற சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு (2 ஆண்டுக்குக் குறைந்த வேலைக்கு 14 நாள், 5 ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22) சிலிப்புக்குச் சேராது. இதெல்லாம் தெரிந்தவர் கணக்குப் போட்டால்தான் கணக்கு. இல்லாவிட்டால் காகிதம்.

கிராணி மகன்:
ஐயா சொன்ன டன் கூலியும் டைம் சிலிப்பும் பாடத்திலேயே வரவேண்டியவை. மூன்றாம் சனியில் சேர்க்கிறேன். ஆனால் இதையெல்லாம் தெரிந்தவர் நீங்கள், எண்ணாக மாற்றத் தெரிந்தவர் வேறொருவர் என்று இருந்தால் இரண்டும் சேராது. அதற்குத்தான் பயிற்சி.

இரண்டாம் சனியை எப்படி நடத்துவது என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். கிளினிக்கை மூன்று வகை மையங்களாகப் பிரிக்க வேண்டும். நிர்வாகம், துப்புரவு, வண்டி இவை மேற்செலவு. பார்மசி, ஆய்வுக்கூடம் இடைநிலை. வெளிநோயாளர், தாய்சேய், பல் இவை நோயாளியை நேரடியாகப் பார்க்கும் இறுதி மையங்கள். எல்லோருக்கும் சேவை செய்யும் மையத்தை முதலில் பிரித்துக் கீழே இறக்க வேண்டும். துப்புரவைத் தரைப் பரப்பின்படி, நிர்வாகத்தை ஆள் எண்ணிக்கைப்படி, பார்மசியை மருந்துச் சீட்டு எண்ணிக்கைப்படி. ஒரு முறை இறக்கிய மையத்துக்குத் திரும்பப் பணம் ஏறக்கூடாது.

உதாரணத்துக்கு ஒரு கிளினிக்: சம்பளம் 24 லட்சம் வெள்ளி, மருந்து 9 லட்சம், மற்றவை ஒன்றரை லட்சம், ஆண்டுக்கு 60,000 வருகை. ஒரு வருகைக்கு 57.50. (கற்பனை எண்கள், யாரும் தங்கள் கிளினிக்கோடு ஒப்பிட வேண்டாம்.)

கருவிகளை வாங்கிய ஆண்டிலேயே முழுசாக எழுதினால் அந்த ஆண்டு மட்டும் கிளினிக் விலை ஏறியதாகத் தெரியும். 50,000 வெள்ளிக் கருவி, 8 ஆண்டு ஆயுள், 3 விழுக்காடு கழிவு வீதம் (வருங்காலப் பணத்தின் மதிப்பைக் குறைத்துப் பார்க்கும் வீதம்) என்றால், அதற்கான காரணி 7.02 ஆல் வகுக்க, ஆண்டுக்கு ஏறக்குறைய 7,120. நேராக எட்டால் வகுத்தால் 6,250தான் வரும். பணம் முடங்கிக் கிடப்பதற்கும் விலை உண்டு என்பது விட்டுப்போகும்.

அடுத்த தவறு சம்பளத்தில். தாய்சேய் மிஸ்ஸி வாரத்தில் ஒரு நாள் தோட்டங்களுக்குப் போகிறார் என்றால் முழுச் சம்பளத்தையும் தாய்சேய்க்கு எழுதக்கூடாது. ஒரு வாரம் அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்தார் என்று குறித்துவைத்தால் போதும். வேறு அலுவலகத்தின் கணக்கில் வாங்கி அனுப்பும் பொருளும் நன்கொடையாக வந்ததும் கிளினிக் புத்தகத்தில் இருக்காது. அவற்றைச் சேர்க்காவிட்டால் அந்தப் பிரிவு மலிவாகத் தெரியும், பிறகு "இதைப் பெருக்கலாம்" என்று தப்பான முடிவு வரும்.

பார்மசி அக்கா:
இதில் ஐயாவின் கிழவிக்கும் பதில் இருக்கிறது. 57.50 என்பது சராசரி. அந்த அம்மா மாதம் ஒரு தடவை குறைத்து வந்தால் கிளினிக்குக் கிடைக்கும் மிச்சம் 57.50 ஆகாது, சம்பளமும் கட்டடமும் அப்படியே நிற்கும். குறைவது மருந்துச் செலவு, கிராணி மகன் தந்த எண்ணின்படி (9 லட்சத்தை 60,000ஆல் வகுத்தால்) சராசரி 15 வெள்ளி. அதுவும் அவர் வாங்குவது பராசிட்டமால் என்றால் அதற்கும் கீழே. சராசரிச் செலவுக்கும் கூடுதல் ஒரு வருகையின் செலவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் நோயாளியைச் சுமையாகப் பார்ப்பார். அரைகுறையாகக் கற்பித்தால் ஐயா பயப்படுவது நடக்கும். முழுசாகக் கற்பித்தால் நடக்காது.

எம்.ஓ. தம்பி:
மருத்துவ அதிகாரியாக (எம்.ஓ.) சொல்கிறேன், நான் இரண்டு பக்கமும் முழுசாக இல்லை. பயிற்சி வேண்டும். ஆனால் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிப்பில் வரும் வரிசையை அப்படியே சுருக்கித் தந்தால் தோல்விதான். கியூஏஎல்ஒய் (தரத்தோடு வாழ்ந்த ஆண்டு), டிஏஎல்ஒய் (நோயால் இழந்த ஆண்டு) என்று சூத்திரத்தில் ஆரம்பித்தால் இரண்டாம் மணிநேரத்தில் பாதிப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். கூடுதல் விகிதம் ஒன்றை மட்டும் உறுதியாகப் பதியவையுங்கள். பழைய முறைக் கண் பரிசோதனை 40,000 வெள்ளியில் 20 பேரைக் கண்டுபிடிக்கிறது, புதிய முறை 100,000 வெள்ளியில் 35 பேரை. பலரும் 100,000ஐ 35ஆல் வகுத்து "ஆளுக்கு 2,857" என்று எழுதுவார்கள். தவறு. கூடுதலாகக் கிடைத்த 15 பேருக்குக் கூடுதலாகப் போனது 60,000. ஆளுக்கு 4,000. முடிவு இந்த எண்ணில்தான் நிற்க வேண்டும்.

மூன்றாம் சனிக்கு டயாலிசிஸை எடுங்கள். சொந்தங்களில் யாருக்காவது இருக்கும், கேள்வி தானாக வரும். சுகாதார அமைச்சு மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டு ஆயுளைக் காப்பாற்ற ஹீமோ முறைக்கும் (இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பது) வயிற்றுவழி முறைக்கும் (வயிற்றுக்குள் கரைசல் விட்டு எடுப்பது) ஆன செலவு கிட்டத்தட்ட சமம். இரண்டும் 30,000 வெள்ளியைத் தாண்டி நின்றன. அது சேவை தருபவர் பக்கத்துக் கணக்கு. தோட்டத்து நோயாளி பக்கத்திலிருந்து பாருங்கள்: ஹீமோ என்றால் வாரம் மூன்று முறை, ஆண்டுக்கு 156 நடை. வயிற்றுவழி என்றால் நடை குறைவு, ஆனால் நாளுக்கு நான்கு பை கரைசல், பைக்கு 2 லிட்டர். பெட்டிகளை அடுக்க இடமும் சுத்தமான தண்ணீரும் லயத்து வீட்டில் இருக்கிறதா? சமம் என்று வந்த கணக்கு இங்கே எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு வெள்ளிக் கட்டணம் பற்றி விவாதம் கட்டாயம் வரும். "கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும்" என்று ஒருவர் சொல்வார். அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ரேண்ட் நிறுவனம் நடத்திய மருத்துவக் காப்புறுதிச் சோதனையில் மக்கள் செலவில் ஒரு பங்கு கட்டியபோது சிகிச்சைக்குப் போவது குறைந்தது, ஆனால் தேவையானதும் தேவையற்றதும் சேர்ந்தே குறைந்தன. ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவசச் சிகிச்சையில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. இன்னொன்று, நம் கிளினிக்கில் வசூலாகும் கட்டணம் அரசாங்கத்தின் பொது நிதிக்குப் போகிறது, கிளினிக்கில் தங்குவதில்லை. ஏற்றினாலும் அந்த மிஸ்ஸிக்கு ஒரு கையுறைப் பெட்டி கூட வராது.

பழைய டிரஸ்ஸர்:
எம்.ஓ. தம்பியின் டயாலிசிஸ் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி என்றால் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் சனியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை விடமாட்டேன். பணம் எங்கிருந்து வருகிறது என்ற பட்டியலில் "முதலாளி" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் அது ஒரு சொல்லில் அடங்காது.

வெள்ளைக்காரன் காலத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தின் தலையில் மருத்துவத்தை ஏற்றின. தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரஸ்ஸர், சவாரி டாக்டர் (அவ்வப்போது வந்துபோகும் மருத்துவர்) எல்லாம் அதில் வந்தவை. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. 1990இன் 446ஆம் சட்டம் (தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரச் சட்டம்) வீட்டோடு மருத்துவ வசதியையும் பேசுகிறது. அதாவது டிரஸ்ஸர் என்பவர் ஒரு நிதி ஏற்பாடு. தோட்டம் கைமாறி, துண்டு துண்டாகி, குடும்பங்கள் டவுனுக்கு வந்ததும் அந்தச் செலவு நிர்வாகத்திடமிருந்து கழன்று அரசாங்க கிளினிக் கவுண்டருக்கு வந்துவிட்டது. எந்த அமைச்சும் "மாற்றுகிறோம்" என்று முடிவெடுக்கவில்லை. மாறிவிட்டது. கொள்கை என்பது காகிதத்தில் எழுதுவது மட்டும்தான் என்று நினைக்கும் இளைய தாதியருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வெளிநாட்டுத் தொழிலாளி விஷயமும் அப்படியே. 2011இல் எஸ்பிஐகேபிஏ மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயமாக வந்தபோது வீட்டுப் பணியாளரையும் தோட்டத் தொழிலாளரையும் அந்தக் கட்டாயத்திலிருந்து விட்டார்கள். 2019இலிருந்து சொக்சோவில் வேலை விபத்துக்கு இடம் கிடைத்தது, காய்ச்சலுக்கு இல்லை. வேலையில் கை வெட்டுப்பட்டவனுக்கு ஒரு பை, நிமோனியா வந்தவனுக்கு வேறு பை. இரவு எட்டு மணிக்கு லோரியில் கொண்டுவந்து இறக்கும்போது எந்தப் பை என்று டிரஸ்ஸருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிராணி மகன்:
ஐயா, இதை நான் விட்டிருக்கக் கூடாது. முதல் சனியை இதிலிருந்தே தொடங்குகிறேன். நாலாம் சனியில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். ஒரு பக்கக் கடிதத்தை எடுக்கச் சொல்லாதீர்கள்.

பழைய டிரஸ்ஸர்:
எடுக்கச் சொல்லவில்லை. அனுப்பிய பிறகு பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதே நாளில் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

பார்மசி அக்கா:
அதுவரை கைவசம் இருப்பதைச் சேர்ப்போம். குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவருக்குப் பரிசோதனை, மருத்துவக் கருவிக்கு 20,000 வெள்ளி வரை, புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி. கருவி உதவியோ அந்த ஊக்கத்தொகையோ பெறுகிறவருக்குத் தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைகிறவருக்கு இது சிறிய தொகை இல்லை. ஒவ்வொருவரும் வகுப்புக்கு வரும்போது தங்கள் பதிவேட்டிலிருந்து பெயரில்லாமல் பத்து நோயாளிக் குறிப்பு கொண்டுவரட்டும். எந்தப் பையிலிருந்து எவ்வளவு, எது கேட்கப்படாமல் கிடக்கிறது என்று முதல் மணிநேரத்திலேயே எழுதட்டும்.

எம்.ஓ. தம்பி:
பத்து வேண்டாம் அக்கா, மூன்று போதும். ஒரு குறிப்புக்கு நாற்பது நிமிடம் ஆகும்.