புதுப்பிப்பு: என்டர்பிரைஸ் கப்பலின் நீளம் கிடைத்துவிட்டது

1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வரும் என்டர்பிரைஸ் விண்கப்பல் எவ்வளவு நீளம், ஜன்னல்களை வைத்து நான் போடும் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் தருகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஜன்னலை விட்டுவிட்டு, படப்பிடிப்புக்குச் செய்த பெரிய மாதிரியிலிருந்து தொடங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அது 11 அடிக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 3.4 மீட்டர். தொடரின் தயாரிப்பு பற்றி 1968இல் வந்த நூல் கப்பலுக்குத் தரும் நீளம் 947 அடி, சுமார் 289 மீட்டர். வகுத்தால் 1க்கு 85, அதாவது மாதிரியைப் போல் 85 மடங்கு கப்பல். அப்புறம் எல்லாம் சுலபம், 1க்கு 500 என்று நான் செய்யும் அட்டைக் கப்பல் 58 சென்டிமீட்டர் வரும். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு, பாலக்காடு ஸ்டேஷனில் பார்த்த பழைய நீல ரயில் பெட்டி பதின்மூன்றைக் கோத்த நீளம் என்றேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

எதிர்பாராதது, அந்தக் கப்பலிலிருந்து கிளம்பிப் போகும் கலிலியோ என்ற சிறு விண் ஓடம். வசனத்தில் 24 அடி, ஆனால் உள்ளே ஆட்கள் நிமிர்ந்து நிற்கும் உயரம் வெளிக்கூட்டில் இல்லவே இல்லை, ஏனென்றால் வெளிக்கூடும் உள் அரங்கும் தனித்தனியாக, வேறு வேறு அளவில் செய்தவை. வசனத்தையே எடுத்துக்கொண்டு ஒன்றரை சென்டிமீட்டரில் வெட்டிவிட்டேன்.