சத்தி ரோட்டு மனையில் இப்போதே கட்டடம்: நாளைக்கு வரும் மெட்ரோ நிலையத்துக்கு எதையெல்லாம் விட்டு வைப்பது?

கணபதி_ஆர்க்கி

வணக்கங்க. கணபதிக்கும் சரவணம்பட்டிக்கும் நடுவே சத்தி ரோட்டை ஒட்டி 90 சென்ட் மனை, முகப்பு 48 மீட்டர். கீழே கடைகள், மேலே ஆபீஸ். கோவை ஜங்ஷன் – வலியம்பாளையம் பிரிவு மெட்ரோ வழித்தட வரைபடத்தில் ஒரு நிலையம் மனைக்கு நேர் எதிரே விழுகிறது. 2025 நவம்பரில் டெல்லி அந்த மெட்ரோவின் விரிவான திட்ட அறிக்கையை (டி.பி.ஆர்.) திருப்பி அனுப்பியது தெரியும். அதுக்காக ஓனர் காத்திருக்கத் தயாரில்லை. பின்னால் இடிக்கிற மாதிரியும் கட்டக் கூடாது என்கிறார்.

நிலையப் படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது? மாடியிலிருந்து நிலையத்துக்கு நேரடிப் பாலம் பின்னால் வேணும்னா இப்போ எதைச் செஞ்சு வைக்கணும்? முன்னால் இடம் விட்டுக் கொடுத்தா எஃப்.எஸ்.ஐ.யில் (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) ஏதாவது திரும்பி வருமா?

தூண்_78

டி.பி.ஆர். வரைபடத்தில் இருக்கிற நிலையப் புள்ளியை அப்படியே நம்பிராதீங்க. விரிவான வடிவமைப்பு வரும்போது அது சில பத்து மீட்டர் நகரலாம். அதனால ஒரு வாசலைக் குறி வைக்காம, முகப்பில் ஒரு பட்டையை ஒதுக்குங்க.

அளவுக்கு வருவோம். ரோட்டு மேலே வண்டி போக 5.5 மீட்டர் உயரம் விட்டாகணும். அதுக்கு மேல் உத்திரம், ஸ்லாப் கனம் சேர்ந்தா டிக்கெட் தளம் (கான்கோர்ஸ்) ரோட்டிலிருந்து ஏறக்குறைய 7.5 மீட்டரில் நிக்கும். பிளாட்பாரம் அதுக்கும் அஞ்சாறு மீட்டர் மேலே. 7.5 மீட்டர் ஏற 30 பாகைச் சாய்வில் எஸ்கலேட்டர் போட்டா கிடைமட்டமா 13 மீட்டர். மேலும் கீழும் இயந்திரக் குழிக்கு ரெண்டரை ரெண்டரை, ஆள் நின்னு திரும்ப 5 மீட்டர். படிக்கட்டும் கிட்டத்தட்ட அதேதான்: 150 மி.மீ. உயரத்தில் 50 படி, நடுவில் ஓய்வுத் திட்டுகள். அகலத்தில் படி 3 மீட்டர், எஸ்கலேட்டர் 1.7, சுவர், கைப்பிடி எல்லாம் சேர்த்து 6 முதல் 7 மீட்டர் ஆகும். லிஃப்ட் கிணறு தனியா ரெண்டரை மீட்டர் சதுரம், அதைப் பட்டையின் கடைசியில் வைக்கலாம். ஆக, மனையின் ஒரு ஓரமா ரோட்டுக்கு இணையா 7 × 30 மீட்டர். அஞ்சு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே.

பட்டையை ஒதுக்கினா மட்டும் போதாதுங்க, அடியில் என்ன இருக்குங்கறதுதான் விஷயம். நம்ம ஊரில் முன்பக்க செட்பேக்கில்தான் (விதிப்படி கட்டாம விடற காலி இடம்) போர்வெல், தண்ணித் தொட்டி, ட்ரான்ஸ்ஃபார்மர், கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி எல்லாத்தையும் கொண்டுபோய் வைப்பாங்க. நாளைக்கு அங்கே நிலையத்துக்கான ஆழ அடித்தளத் தூண் (பைல்) இறங்கணும். அந்த நாலையும் இப்பவே பக்கவாட்டுக்கோ பின்னாலயோ தள்ளிருங்க. பேஸ்மென்ட் தோண்டும்போது மண் சரியாம இருக்க ரோட்டுக்கு அடியில் சாய்வா எஃகு ஆங்கர் விடறதும் வேண்டாம். வேலை முடிஞ்சதும் அதை யாரும் உருவறதில்லை, பின்னால் பைலிங் மெஷின் அதில் மாட்டிக்கும். உள்பக்கத் தாங்கு கம்பங்களிலேயே முடிங்க.

பாலத்துக்கு நீங்க பார்க்க வேண்டியது தள மட்டம். பிளின்த் (ரோட்டிலிருந்து கீழ்த்தளத் தரை வரை) 0.6, கீழ்த்தளம் 4.2, அதுக்கு மேல் 3.6 வெச்சா ரெண்டாம் மாடித் தரை 8.4 மீட்டரில் வரும். கான்கோர்ஸ் 7.5. வித்தியாசம் 0.9 மீட்டர், 1:12 சாய்தளம் போட்டா 10.8 மீட்டர் நீளம், நடுவில் ஒரு திட்டு. கடைக்குள்ளே அவ்வளவு தூரத்துக்கு யார் இடம் கொடுப்பாங்க? கீழ்த்தளத்தை 3.75, மேல்தளத்தை 3.15 ஆக்கினா மட்டம் ஒண்ணாயிரும். 3.15-இல் உத்திரத்துக்கு அடியில் ஏ.சி. டக்ட் நெருக்கும், அதையும் சொல்லிடறேன். அளக்கும்போது கடல்மட்டத்தை ஆதாரமா வெச்சே அளங்க. ரோட்டுத் தார் மட்டத்தை ஆதாரமா எடுத்தா, ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் உங்க கணக்கு சில அங்குலம் விழும்.

பாலம் சேரும் இடத்தில் 4 மீட்டர் அகலத்துக்குச் சுமை தாங்காத சுவரா விடுங்க. அந்தக் கட்டத்தில் தூண், கழிவறைக் குழாய், மின்சார அறை எதுவும் வரக் கூடாது. பாலத்தின் பாரத்தை உங்க கட்டடத்து மேல் ஏத்த வேண்டாம். அதுக்குத் தனித் தூண், நடுவில் அசைவு இடைவெளி. ரயில் அதிர்வும் கட்டடத்தின் இறக்கமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. இணைப்பு டிக்கெட் கேட்டுக்கு வெளியே, யாரும் வரக்கூடிய பகுதியில் சேரணும். தீத்தடுப்பு ஷட்டருக்கு மேலே இடம் விடுங்க. பிளாட்பாரத்திலிருந்து 4 நிமிஷத்தில் ஆட்கள் வெளியேறணும், 6 நிமிஷத்தில் பாதுகாப்பான இடம் சேரணும்ங்கறது நிலைய வடிவமைப்பில் பின்பற்றும் கணக்கு. உங்க கட்டடத்துப் புகை அந்த வழியில் போய் நிக்கக் கூடாது.

பிளான்சீட்டு

எஃப்.எஸ்.ஐ. பற்றி. 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.3 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் 2.0. உயர் கட்டடத்துக்கு 3.25, அதுவும் 18 மீட்டர் சாலை இருந்தால். இதற்கு மேல் காசு கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.: 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையில் 50 சதவீதம், 12 முதல் 18 வரை 40, 9 முதல் 12 வரை 30. ஆகவே உங்கள் முகப்பில் சாலை உண்மையில் எத்தனை மீட்டர் என்று சர்வே செய்து பாருங்கள். கணபதிப் பக்கம் எல்லா இடத்திலும் ஒரே அகலம் கிடையாது.

செட்பேக்கை அளக்க வேண்டியது நகர வளர்ச்சித் திட்டத்தில் குறித்த சாலை எல்லைக் கோட்டிலிருந்து. இப்போதைய தார் விளிம்பிலிருந்து அல்ல. சாலை விரிவுக்கு இடத்தைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் அதற்கு ஈடாக வளர்ச்சி உரிமை கேட்க விதியில் வழி உண்டு. ஆனால் "மெட்ரோ படிக்கட்டுக்கு" என்று நீங்களாக ஒதுக்கி வைக்கும் 5 சென்ட்டுக்கு இன்றைக்கு எதுவும் கிடைக்காது. திட்டத்தில் கோடு விழுந்தால்தான் கணக்கு. அதுவரை அதைத் திறந்தவெளியாகவே வைத்து, கட்டடத்தின் பரப்பை மற்ற பக்கம் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 90 சென்ட் என்பது 3,642 சதுர மீட்டர். 3,000 தாண்டியதால் ஓ.எஸ்.ஆர். (பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளிக்கு விடும் ஒதுக்கீடு) பத்து சதவீதம் உண்டு. இந்த அளவு மனையில் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்டவும் வழி இருக்கிறது. நிலமாகக் கொடுப்பதானால் பின் மூலையில் தள்ளாமல் படிக்கட்டுப் பட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். கூட்டம் நின்று கலைய இடமாகும். ஒன்றின் மேல் ஒன்றை மட்டும் போட வேண்டாம். பூங்கா இடத்தில் படிக்கட்டுக் கட்டப் பிறகு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

நிலையங்களைச் சுற்றி விரிவான வளர்ச்சித் திட்டம் போடுவதை மெட்ரோ அனுமதி வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளுவதுதான் பெரிய கோளாறு. டெல்லி திருப்பி அனுப்பியதற்கு 20 லட்சம் மக்கள்தொகை வரம்பு மட்டும் காரணம் இல்லை; நிலையம் வரும் சில இடங்களில் சாலை அகலம் போதாது என்பதும் ஒன்று. அகலத்தை இப்போதே கோடு போட்டுக் காக்கவில்லை என்றால், அடுத்த முறை அறிக்கை போகும்போது அங்கே உங்கள் கட்டடத்தைப் போல இருபது நின்றிருக்கும். அவ்வளவையும் கையகப்படுத்தும் செலவு திட்டத்தின் தலையில் விழும்.

ஹாங்காங் மாதிரி நிலத்தை வைத்தே ரயில் கட்டலாம் என்பவர்களுக்கு: அங்கே நிலம் அரசுடையது. ரயில் வருவதற்கு முந்தைய விலையில் ரயில் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். இங்கே சத்தி ரோட்டில் எல்லாம் சென்ட் சென்ட்டாகத் தனியார் பட்டா. ஹைதராபாத்தில் 269 ஏக்கர் கொடுத்தார்கள்; அதுவும் டெப்போ, பார்க்கிங் இடங்களை ஒட்டிய அரசு நிலம்.

நொய்யல்_நடை

எல்லாரும் படிக்கட்டையே பேசறீங்க. தேசிய டி.ஓ.டி. கொள்கை (நிலையங்களைச் சுத்தி அடர்த்தியா ஊரை வளர்க்கறது) நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை செல்வாக்கு மண்டலம்னு சொல்லுது. வரைபடத்தில் வட்டம் போட்டா அழகா இருக்கும். சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வளாகச் சுவர், இந்தப் பக்கம் மில் காம்பவுண்டு, நடுவில் முட்டுச்சந்து லேஅவுட். 300 மீட்டரில் தெரியிற வீட்டுக்காரர் சுத்திக்கிட்டு வந்தா ஒரு கிலோமீட்டர். உங்க மனை 76 மீட்டர் ஆழம் போகுதே, பின்னால் லேஅவுட் ரோடு இருந்தா பக்கவாட்டு செட்பேக்கை 3 மீட்டர் நடைவழியா ரெண்டு பக்கமும் திறந்து விடுங்க. கடைக்கும் வியாபாரம்.

நடைபாதைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸோட வழிகாட்டி ஐ.ஆர்.சி. 103 சொல்றது தடையில்லாத 1.8 மீட்டர், கடை முகப்பில் 2.5. தடையில்லாதன்னா மின்கம்பம், இழுவைக் கம்பி, சாக்கடை மூடி, இளநீர் வண்டி எல்லாம் போக மிச்சம் இருக்கறது. கோவையில் நிலையத்துக்கு டூவீலரில் வர்றவங்கதான் அதிகமா இருப்பாங்க. 400 வண்டி நிறுத்த, வழியோட சேர்த்து வண்டிக்கு 2.5 சதுர மீட்டர்னா 25 சென்ட் வேணும். நிலையத்தில் அது கிடைக்காது. உங்க பேஸ்மென்ட்டில் கட்டண நிறுத்தமா ஒரு தளம் யோசிங்க, ஆனா அதோட வாசல் பக்கத் தெருவில் இருக்கட்டும். சத்தி ரோட்டிலேயே வெச்சா வண்டி வெளியேறும் இடமும் பஸ் ஸ்டாப்பும் மோதும்.

கணபதி_ஆர்க்கி

ரொம்ப நன்றிங்க. கடைசியா ஒண்ணு: ஓனர் கடைகளைத் தனித்தனியா விக்கப் போறார். பாலத்துக்கான வழியை எப்படிக் காப்பாத்தறது?

பிளான்சீட்டு

விற்பதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. இணைப்பு வரும் தளத்தில் அந்த 4 மீட்டர் வழியைப் பொதுப் பகுதி என்று வரைபடத்திலேயே குறித்து, அந்த வரைபடத்தையே ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்யுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் விற்பனைத் திட்டம் என்பதால் பதிவு எப்படியும் தேவை. ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் இந்த வழியில் பொதுமக்கள் நடக்க உரிமை உண்டு, பின்னால் நிலையத்தோடு இணைக்க வாங்குபவர் இப்போதே சம்மதிக்கிறார் என்று ஒரு பத்தி சேருங்கள். படிக்கட்டுப் பட்டையைப் பிரிக்கப்படாத பங்கில் கலக்காமல் தனி உட்பிரிவாக ஓனர் பெயரிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கலந்துவிட்டால் நாற்பது கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் கைமாறும். உட்பிரிவை வரைபட ஒப்புதலுக்கு முன்பே முடித்து, அதனால் எஃப்.எஸ்.ஐ. கணக்கும் செட்பேக்கும் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்த பிறகு டிராயிங்கைக் கொடுங்கள்.

தூண்_78

அதோட மெட்ரோ காலை 5 மணிக்கே ஓட ஆரம்பிக்கும், ராத்திரி 11 வரை போகும். அந்த வழியைக் கடை ஷட்டரோட சேர்த்துப் பூட்டாம தனிப் பூட்டு, தனி விளக்குச் சர்க்யூட், கீழே இறங்கத் தனிப் படி வெச்சிருங்க.